ஞாபகம் சரியாக இருக்கிறது, குணம்தான் மாறிவிட்டது

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "மளிகைக் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு 54 வயது. காபிக்கே சர்க்கரை வேண்டாம் என்பவர், இப்போது சாடியிலிருந்து கடலை மிட்டாயை அள்ளி அள்ளித் தின்கிறார். என் அண்ணன் இறந்த வீட்டில், உடல் எடுப்பதற்கு முன்பே 'சாப்பாடு எப்போ?' என்று கேட்டார். பாக்கிக் கணக்கு மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை. செய்வினை என்கிறார்கள். எங்கே காட்டுவது?"

எழவு வீட்டில் பசி எல்லோருக்கும்தான் வரும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்கிறோமே, அது மூளையின் முன்மடல் செய்யும் வேலை. அந்தப் பகுதியும் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலும் சுருங்குவதைத்தான் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்கிறோம். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். கூச்சம் போவது, இனிப்பு வெறி, அடுத்தவர் அழுதாலும் அசையாமல் இருப்பது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் இதில் வரும். ஞாபகம் ஆரம்பத்தில் நன்றாகவே இருப்பதால், திமிர் என்றோ குடி என்றோ நினைத்துவிடுகிறார்கள்.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் போன்றவற்றிலும் குணம் மாறும். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டு, அங்கே காட்டுங்கள். நீங்களும் கூடப் போங்கள். டாக்டர் முன்னால் அவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார், கேட்ட கணக்கையும் சரியாகப் போட்டுவிடுவார். என்றைக்கு என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் பாதி ஸ்கேனுக்குச் சமம். ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். சிலருக்கு இது பரம்பரையாக வரும். பேச்சு குழறினாலோ கை மெலிந்தாலோ உடனே தெரிவியுங்கள்.

இதைக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. அல்சைமர் என்ற மறதி நோய்க்குத் தரும் டொனெபெசில் மாத்திரை இதற்கு உதவுவதில்லை, சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். படபடப்பைத் தணிக்க வேறு மாத்திரைகள் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார்.

சரி, வீட்டில்? திட்டுவதால் பயனில்லை. தப்பு என்று உறைக்கும் இடமே பழுதாகியிருக்கும்போது யாரைத் திட்டுவது? சாடியை அவர் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். வாயை நிரப்பிக்கொண்டால் புரையேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நோய் உறுதியானால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், மிட்டாயைவிட எனக்குப் பெரிய கவலை கல்லாப்பெட்டிதான். இந்த நிலையில் இருப்பவர்கள் யார் கேட்டாலும் கடன் கொடுப்பார்கள், கையெழுத்தும் போடுவார்கள். கல்லாச் சாவி, செக் புத்தகம், போனில் பணம் அனுப்பும் ரகசிய எண் மூன்றும் இந்த வாரமே உங்கள் கைக்கு வரட்டும்.