மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை: பழுதுச் செலவை யார் ஏற்க வேண்டும்?

கேள்வி: பொள்ளாச்சியில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறேன். குடும்பப் பயன்பாட்டுக்காக, எங்கள் கூட்டு நிறுவனத்தின் பெயரில் 16.5 லட்ச ரூபாய்க்கு ஒரு கார் வாங்கினோம். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், நான்கு சிலிண்டர். சீரான வேகத்தில் போகும்போது இரண்டு சிலிண்டர்கள் தாமாக நின்று எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை. சில மாதங்களாக 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உதறுகிறது, எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் ஸ்பார்க் பிளக், காயில் மாற்றி 19,000 ரூபாய் வாங்கினார்கள். பிறகு இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். இப்போது, “மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை, வால்வு எரிந்துவிட்டது, கலப்பட பெட்ரோல்தான் காரணம், வாரண்டி பொருந்தாது” என்கிறார்கள். வாரண்டி முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. 2.3 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்து, எஞ்சின் ஹெட்டை (வால்வுகள் அமைந்த எஞ்சினின் மேற்பகுதியை) கழற்றச் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா? புதிய கார் கேட்டு வழக்குத் தொடர முடியுமா?

பதில்: அந்தப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். செய்ய வேண்டிய ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றிவிட்டால், பழுது எந்த நிலையில் இருந்தது என்பதை நிரூபிக்கும் வாய்ப்பு பெருமளவு போய்விடும். இந்த வகை வழக்குகளில் சட்டத்தை விட எஞ்சின்தான் முக்கியச் சாட்சி என்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தியாவில் விற்கப்படும் இவ்வகை 1.5 லிட்டர் எஞ்சின்களில், சுமை குறைவாக இருக்கும்போது நடுவில் உள்ள இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் நிறுத்தப்படுகின்றன. வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட்டின் மேல் உறைபோல் அமைந்த ஒரு துண்டு இருக்கும். மின்காந்தத்தால் இயங்கும் ஓர் ஊசி அதன் காடியில் இறங்கி அதைப் பக்கவாட்டில் நகர்த்தும். வால்வை அழுத்தித் திறக்கும் மேடு விலகி, மேடில்லாத வட்டப்பகுதி அந்த இடத்துக்கு வரும். வால்வுகள் மூடியபடியே இருக்கும்; எரிபொருளும் தீப்பொறியும் நின்றுவிடும்.  

நிறுத்திய சிலிண்டரை மறுபடி இயக்கும்போது அந்தத் துண்டு பழைய இடத்துக்குத் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வால்வு கெடவில்லை, ஆனால் திறப்பதில்லை. காற்று உள்ளே வராததால், சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவதை (கம்ப்ரெஷனை) அளக்கும் மானியின் முள் ஏறாது. எரிந்த வால்விலும் முள் ஏறாது, ஏனென்றால் அங்கே காற்று கசிந்து வெளியேறிவிடுகிறது. முதலாவது, உற்பத்தி நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய இயங்குமுறைக் கோளாறு. மற்றொன்று எரிபொருளின் மேலோ ஓட்டுநரின் மேலோ பழி போட இடம் தருவது. உங்களிடம் காட்டப்பட்ட ஒரே ஆதாரமான கம்ப்ரெஷன் அளவு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது லீக் டவுன் சோதனை. பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். வெளியேற்ற வால்வு எரிந்திருந்தால் புகைக்குழாயில் சீறல் கேட்கும். உள்ளிழுப்பு வால்வு எரிந்திருந்தால் த்ராட்டில் பக்கம் கேட்கும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் ஆயில் ஊற்றும் வாயில் கேட்கும். எங்கும் பெரிய கசிவு இல்லை, ஆனால் கம்ப்ரெஷனும் இல்லை என்றால், “எரிந்த வால்வு” என்ற முடிவு அங்கேயே ஆட்டம் காண்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், வால்வு திறந்திருக்க வேண்டிய நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்க்ஷாஃப்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு இதையே செய்யச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டரில் காற்று முழுவதும் ஓடிவிடும். அங்கேயும் காற்று தங்கினால் வால்வு திறக்கவே இல்லை என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை: உள்ளிழுப்பு வால்வு திறந்து வெளியேற்ற வால்வு மட்டும் மூடியே நின்றால், கம்ப்ரெஷன் இயல்பாகவே காட்டும். ஆகவே எந்த ஓர் எண்ணையும் தனியாக நம்ப வேண்டாம். ஸ்கேனர் மூலம் சிலிண்டர் நிறுத்தும் அமைப்பை இயக்கிப் பார்க்கும் சோதனையும், பிளக் துளை வழியாகக் கேமரா விட்டு எடுத்த வால்வின் படங்களும் சேர்ந்தால்தான் ஆதாரம் முழுமையாகும்.

இதையெல்லாம் வாய்மொழியாகக் கேட்காமல், இன்றே மின்னஞ்சலில் டீலருக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். மூன்றாவது சிலிண்டரில் எரிப்பு தவறுவதைக் காட்டும் குறியீடு பி0303. அதனுடன் பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவையும் பதிவாகியிருக்கும். சிலிண்டர்கள் நிற்கக்கூடிய வேகத்திலும் சுமையிலுமே அந்தத் தவறு நிகழ்ந்திருந்தால், அது உங்கள் பக்கம் பேசும் சாட்சி. உதறலுக்காக வண்டியை விட்ட ஒவ்வொரு முறைக்குமான ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுச் சீட்டு) நகலையும் வாங்குங்கள். அதில் உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “பொதுப் பரிசோதனை” என்று மட்டும் எழுதியிருந்தால் மின்னஞ்சலிலேயே மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

கலப்பட பெட்ரோல் என்ற காரணத்தை எனக்கு ஏற்க முடியவில்லை. நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் எரிபொருள் போகிறது. ஒன்று மட்டும், அதுவும் நிறுத்தும் அமைப்பு உள்ள இரண்டில் ஒன்று மட்டும், ஏன் கெட்டது? இது முடிவான நிரூபணம் ஆகாது என்றாலும், பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். வாரண்டியிலிருந்து விலக்குக் கேட்பவர்தான் அந்த விலக்குக்கான காரணத்தை நிரூபிக்க வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோலை உங்கள் முன்னிலையில் இரண்டு கேன்களில் எடுத்து முத்திரையிட்டு, ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்ட ரசீதுகளையோ, பணம் செலுத்திய பதிவுகளையோ தொகுத்து வையுங்கள்.

நுகர்வோர் ஆணையங்களில் இத்தகைய புகார்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வல்லுநர் சாட்சியம் இல்லாததுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 38(2)(சி) இதற்கு வழி தருகிறது. சோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். புகார் மனுவோடு சேர்த்தே இந்தச் சோதனையைக் கேட்கும் மனுவையும் போடுங்கள். அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறைப் பேராசிரியரை நியமிக்கக் கேட்கலாம். எந்தெந்தச் சோதனைகள் வேண்டும் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து எழுதிய அறிக்கைதான் வரும்.

இனி புதிய கார் பற்றி. உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி நிறுவனத்தின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான், முழு வாகனத்தை மாற்றித் தருவதல்ல என்று சொன்னது. 2010-இல் சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சுயேச்சையான வல்லுநர் ஆய்வில் உள்ளார்ந்த உற்பத்திக் குறை தெரியவந்தால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. எனவே இலவசப் பழுதுநீக்கம், 19,000 ரூபாயும் வட்டியும், மாற்று வாகனச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றை முதன்மைக் கோரிக்கையாக வையுங்கள். உற்பத்திக் குறை நிரூபணமானால் விலையைத் திருப்பித் தருமாறு மாற்றுக் கோரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தில் “பொருள் பொறுப்பு” என்ற அத்தியாயம் இருப்பதைப் பார்த்துப் பலர் அதன் கீழ் மனு போடுகிறார்கள். அது உங்களுக்கு உதவாது. பிரிவு 2(22), பொருளுக்கே நேரும் சேதத்தை அந்த அத்தியாயத்தின் “தீங்கு” என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. உங்கள் வழக்கு பொருளின் குறை, சேவைக் குறைபாடு என்ற இரண்டின் கீழ்தான் நிற்கும். பழுதைக் கண்டறியாமல் பிளக்கும் காயிலும் மாற்றிப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. அதற்கு டீலர் நேரடியாகப் பொறுப்பு. பொருளின் குறைக்கு உற்பத்தி நிறுவனம் பொறுப்பு. டீலரின் தவறுக்கெல்லாம் நிறுவனம் தானாகவே பொறுப்பாகிவிடாது என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாலோ வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாக எழுதுங்கள்.

உங்கள் கூட்டு நிறுவனத்தின் பெயரில் கார் இருப்பதால், “வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல” என்ற வாதம் நிச்சயம் வரும். 2024 ஜூலையில் டைம்லர் கிறைஸ்லர் வழக்கில், இயக்குநரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தக் கார் சரக்கு ஏற்றவோ வாடகைக்கோ போகவில்லை, குடும்பப் பயன்பாட்டுக்கே என்று மனுவிலும் பிரமாண வாக்குமூலத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள்.

விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரையான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கிருந்து கேட்டாலே சோதனைக்குச் சம்மதிக்கும் நிறுவனங்கள் உண்டு. கால வரம்பு இரண்டு ஆண்டு. வாரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட முடியும் என்றாலும், பாதுகாப்பாக முதல் புகார் நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் விளக்கு மினுக்கும் நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் வெளியேற்றக் குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுக்கும். தடுத்திருக்கக்கூடிய இழப்பை நீங்களே வரவழைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்காதீர்கள். சிலிண்டர் நிறுத்தும் அமைப்பை மென்பொருளால் முடக்கித் தருவதாக வெளிப் பட்டறைகளில் சொல்வார்கள். வழக்கு முடியும்வரை அதற்கு உடன்படாதீர்கள். வாரண்டியும் போகும், எஞ்சின் கணினியில் உள்ள ஆதாரமும் போகும்.

வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலை வந்தால், லீக் டவுன் அளவுகள் எழுத்தில் கைக்கு வந்த பிறகு ஹெட்டைக் கழற்ற அனுமதியுங்கள். அப்போது படிவத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே, “வாரண்டி மறுப்பை நான் ஏற்கவில்லை, என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் சம்மதிக்கிறேன், கழற்றப்படும் பாகங்கள் அனைத்தும் என்னிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்” என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். கழற்றுவதைத் தொடக்கம் முதல் காணொளியாகப் பதிவு செய்து, மூன்றாவது சிலிண்டரின் வால்வுகளையும் கேம்ஷாஃப்ட் துண்டையும் ஊசி அமைப்பையும் தனித்தனியாகப் பொதிந்து, டீலரின் முத்திரையுடன் வாங்கி வையுங்கள். ஆணையம் நியமிக்கும் வல்லுநர் கேட்கும்போது அவற்றை அப்படியே கொடுக்கலாம்.