பழைய காருக்கு எந்த அளவு கார்புரேட்டர்? – சேலம் வாசகர்களின் கேள்விகள்

என்னிடம் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. பிக்கப் போதவில்லை. 40 எம்எம் இரட்டைக் குழல் வெபர் கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குத் தரும் கருவி) போட்டால் பறக்கும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (அம்மாப்பேட்டை)

வேண்டாம். இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 5,000 ஆர்பிஎம்மில் 1.489 லிட்டரை 2,500-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 3,720 லிட்டர். அந்தக் காலத்து சிலிண்டர் ஹெட்டும், கலவையை சிலிண்டருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக் குழாயும் அதில் 80 சதவீதம் உள்ளே விட்டாலே நல்லது. ஆக, ஏறக்குறைய 105 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). சரி, ஐந்து ரோட்டு நெரிசலில் நீங்கள் என்றைக்கு 5,000 தொடப் போகிறீர்கள்? 2,000-இல் தேவை 42 சிஎஃப்எம்தான். அதற்கு அந்த வெபரின் வாய் ரொம்பப் பெரிது.

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரியில் காற்று விரைந்து போனால்தான் அங்கே அழுத்தம் குறைந்து, ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோல் எழும்பிப் பொடியாகச் சிதறும். வாய் அகலமானால் காற்றின் வேகம் செத்துவிடும். பெட்ரோல் துளித்துளியாக மேனிஃபோல்டு சுவரில் ஒட்டும். மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறி, அப்புறம்தான் இழுக்கும். பிக்கப் கேட்டுப் போய் இருந்ததையும் இழப்பீர்கள்.

வெபரில் 40 என்பது த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறக்கும் தகடு) இருக்கும் வாயின் அளவு. காற்றைத் தீர்மானிப்பது உள்ளே செருகியிருக்கும் சோக் குழல். ஆசை விடவில்லை என்றால் அந்தக் குழலைச் சிறிதாகப் போட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் இக்னிஷன் டைமிங்கையும் கம்ப்ரஷனையும் பாருங்கள். உங்கள் வண்டியில் எஸ்.யூ. ரக கார்புரேட்டர் இருந்தால், மேல் மூடியைக் கழற்றி, அதன் பிஸ்டனை நிதானப்படுத்தும் டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினாலும் இதே திணறல் வரும்.

அதே இன்ஜினை 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ரீபோர் செய்து, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியிருக்கிறோம். பெரிய கார்ப் வேண்டுமா? (குகை)

கூடியது சுமார் 42 சிசி, மூன்று சதவீதம்கூட இல்லை. பழையதே போதும்.

சேலத்தில் நன்றாக ஓடும் வண்டி, ஏற்காடு ஏறும்போது பாதிக்கு மேல் கரும்புகை விடுகிறது. கார்ப் பெரிதா? (அஸ்தம்பட்டி)

அளவில் கோளாறு இல்லை. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போகும்போது காற்றின் அடர்த்தி பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் அளப்பது காற்றின் கன அளவை. எடை அதற்குத் தெரியாது. அதனால் கலவை ஐந்தாறு சதவீதம் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். எப்போதாவது ஏறுபவர் என்றால் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் தகடு (மேலே சொன்ன குழல் அல்ல) முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். மேலேயே குடியிருப்பவர் மெயின் ஜெட்டை ஒரு படி இறக்கலாம். சோலெக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் 120 என்றால் துளை 1.20 எம்எம், 115 போடுங்கள். ஆனால் அதே ஜெட்டோடு வெயிலில் சேலம் இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, வால்வு கருகும். மலை உயரத்தில் காற்று மெலிவதால் போகும் இழுவையை எந்த கார்ப்பும் திருப்பித் தராது.

என் பத்மினி கார் ஏப்ரல் மாத மதியத்தில் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. (செவ்வாய்ப்பேட்டை)

கார்ப்பை மாற்றாதீர்கள். இன்ஜினை நிறுத்தியதும் அதன் சூடு ஏறி மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிகிறது. கார்ப்புக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் தட்டு இருக்கிறதா, பெட்ரோல் பைப் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல், முழுக்க மிதித்துப் பிடித்தபடி கிராங்க் செய்யுங்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஜெட் மாற்ற வேண்டுமா? (சூரமங்கலம்)

எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவை என்பதால் பழைய ஜெட்டில் கலவை லீன் ஆகும். பிளக் வெளுத்திருந்தால் ஒரு படி பெரிய ஜெட் போடுங்கள். ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் உடனே எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், கசிவு தீயில் முடியும்.

கார்ப் உண்மையிலேயே சிறிது என்று எப்படித் தெரியும்? (மெய்யனூர்)

மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜ் மாட்டி, காலியான நல்ல சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜினின் உச்ச சுற்று வரை போங்கள். ஊசியை உடன் வருபவர் பார்க்கட்டும். இரண்டு அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டினால் கார்ப் மூச்சைப் பிடிக்கிறது, அடுத்த அளவுக்குப் போகலாம். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இருப்பதே போதுமானது. அந்தப் பணத்தில் தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்டுக்குப் புது புஷ் போடுங்கள்.