சாவியில் 'நகல் எடுக்கத் தடை' என்று பொறித்தால் போதுமா?

வாடகை வீட்டுச் சாவியில் அப்படிப் பொறித்துக் கொடுத்தால், சாவி வெட்டுகிறவர்கள் மறுத்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். அமெரிக்காவிலேயே அந்த வாசகத்துக்குப் பெரும்பாலும் சட்ட பலம் கிடையாது. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் 17 வருடமாகச் சாவி வெட்டுகிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

2022, பொருளாதார நெருக்கடியில் சமையல் கேஸுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம். ஒரு பையன் வந்தான். சாவியின் தலையில் அந்த எழுத்து ஆழமாகக் குத்தியிருந்தது, ஓட்டையில் மஞ்சள் நூல். "அண்ணே, போர்டிங் அம்மாதான் இன்னொன்னு வெட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான், தான் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு அம்மாவைச் சொல்லி. மெஷினில் ஒரு பக்கம் அவன் சாவி, மறுபக்கம் வெட்டாத வெற்றுச் சாவி. பழைய பல்லின் மேல் ஊசி ஏறி இறங்கும்போதே புதியதில் அதே பள்ளம் விழும். பிசிறைத் தேய்த்துக் கையில் கொடுக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார், அதே மஞ்சள் நூல் சாவியோடு. கதவு உடையவில்லை, சமையலறையில் கேஸ் சிலிண்டரைக் காணவில்லை. பையனே ஒப்புக்கொண்டு என் கடையைக் காட்டியிருக்கிறான். "தம்பி, உனக்கு இதைப் படிக்கத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று சாயந்தரமே போய்ப் பூட்டின் உருளையைக் கழற்றி, உள்ளே சாவியின் பள்ளங்களுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஐந்து சிறு உலோகப் பின்களையும் மாற்றிப் போட்டுப் புதுச் சாவி கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

"சாவி வெட்டுகிறவன் திருடனுக்குக் கூட்டு" என்று யாராவது எழுதுவீர்கள். அன்றிலிருந்து என் கடையில் பதிவுக் கொப்பி இருக்கிறது: பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தக் கதவு. அட்டை காட்டாதவரைத் திருப்பி அனுப்புகிறேன். எந்தச் சட்டமும் சொல்லி அல்ல, நானே வைத்த விதி. வியாபாரம் போயிருக்கிறது, போகட்டும்.

சாவி வைத்திருப்பவன்தான் வீட்டுக்காரன் என்று சிலர் நினைக்கலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் எங்கள் அறை, அதாவது லயக் காம்பரா, அதன் சாவி நாலு தலைமுறையாக எங்கள் கையில்தான் இருக்கிறது. அது எங்களுக்குச் சொந்தம் என்கிற உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது?

சரி, உங்கள் விஷயம். நகலைத் தடுப்பது எழுத்து அல்ல, வெற்றுச் சாவி சந்தையில் கிடைக்காமல் இருப்பதுதான். காப்புரிமை (பேட்டன்ட்) உள்ள பூட்டுகளுக்கு அந்த வெற்றுச் சாவி அங்கீகாரம் பெற்ற கடைக்கு மட்டுமே போகும். பூட்டோடு வரும் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டுவார்கள். காப்புரிமைக்கும் பொதுவாக 20 வருடம்தான் ஆயுள், பிறகு யாரும் செய்யலாம். அதனால் வாங்கும்போதே எந்த வருடம் முடிகிறது என்று கேளுங்கள்.

அவ்வளவு செலவு முடியாதென்றால், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பின்களை மாற்றுங்கள். அப்புறம், சாவியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பள்ளங்களின் ஆழத்தைப் படத்திலிருந்தே கணக்கெடுத்து வெட்ட முடியும்.