ராணுவ அதிகாரியாக இருந்து தொழிலதிபராகி, ஊருக்கும் நல்லது செய்தவர் யாராவது உண்டா? அவர் ஜெயித்ததற்கு ராணுவப் பயிற்சிதான் காரணமா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் கர்னல் ஈலை லில்லி. மருந்துக்கடை நடத்துகிறவன் என்பதால் ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் பெட்டிகளில் இந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறேன். கம்பெனியின் பெயராகத்தான் பலருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு பீரங்கிப்படைத் தளபதி இருந்தார் என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தொழிலில் அவரைக் காப்பாற்றியது ராணுவம் இல்லை. ராணுவத்துக்குப் போகும் முன்பே கற்றுவைத்திருந்த கைத்தொழில்தான்.

1838-இல் பிறந்த லில்லி சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தோடு இண்டியானா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். பதினாறு வயது வாக்கில் லஃபாயெட் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மருந்துக்கடை என்றால் பட்டையையும் வேரையும் கல்வத்தில் இடித்து, நிறுத்து, கையால் மாத்திரை உருட்டும் இடம். 1861-இல் சொந்தக் கடை வைத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்குத் தரப்பில் சேர்ந்து, தானே ஆள் திரட்டி ஒரு பீரங்கிப் பிரிவை அமைத்தார். 1863-இல் ஹூவர்ஸ் கேப், சிக்கமாகா போன்ற பெரிய சண்டைகளில் அந்தப் பிரிவு இருந்தது. பிறகு குதிரைப்படைக்கு மாறினார். 1864 செப்டம்பரில் அலபாமாவில் எதிரியிடம் கைதியாகச் சிக்கி, சில மாதங்கள் கழித்து விடுதலையானார். போர் முடிந்தபோது அவர் கர்னல், வயது 27-கூட நிரம்பவில்லை.

இப்படிப்பட்டவர் அடுத்து தொட்டதெல்லாம் துலங்கியிருக்கும் என்று நினைப்போம். இல்லை. தெற்கே மிசிசிப்பியில் பருத்தித் தோட்டம் ஒன்றைக் கூட்டாக எடுத்து நடத்தினார். அந்த வட்டாரம் மலேரியா மண்டிய பூமி. 1866 ஆகஸ்டில் மனைவி எமிலி, நிறைமாத கர்ப்பிணியாக இருந்த நேரத்தில், காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தையும் பிழைக்கவில்லை. கூட்டாளி இருந்த பணத்தோடு காணாமல் போனார். 1868-இல் தோட்டம் திவால். ஐந்து வயது வாக்கில் தாயை இழந்த மகன் ஜோசையா மட்டும் மிச்சம். ராணுவ ஒழுக்கமே வியாபாரத்தை ஜெயிக்க வைக்கும் என்று சொல்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவதே இந்தப் பகுதிதான்.

அப்புறம் அவர் திரும்பிப் போனது மருந்துத் தொழிலுக்கு. சில ஆண்டுகள் பிறரிடம் வேலை, கூட்டுக் கடைகள் என்று கழிந்தன. 1876 மே மாதம் இண்டியானாபொலிஸ் நகரில், பேர்ல் தெருவில், ஒரு சின்னக் கட்டடத்தில் தனியாகத் தொடங்கினார். கையில் 1,400 டாலர் முதலீடு. வேலைக்கு மூன்று பேர், அதில் ஒருவன் பதினான்கு வயது ஜோசையா. ஆரம்பத்தில் செய்த மருந்துகளில் ஒன்று குயினைன், அதாவது மலேரியா மருந்து. மனைவியைக் கொண்டுபோன நோய்க்கான மருந்து அது. அவர் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

அன்றைய சந்தை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். என்ன கலந்திருக்கிறது என்றே சொல்லாத சர்வரோக நிவாரணிகள் விளம்பரத்தில் கொடிகட்டிப் பறந்தன. பலவற்றில் சாராயமும் அபினும்தான் சரக்கு. அழுகிற குழந்தைக்கு அபின் கலந்த சிரப் கொடுத்துத் தூங்க வைத்த காலம் அது. குயினைனிலேயே மலிவான சரக்கைக் கலந்து விற்றார்கள். லில்லி பொதுமக்களிடம் விளம்பரம் செய்து விற்காமல், மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளை மட்டும் செய்வது என்று முடிவெடுத்தார். உள்ளே இருப்பதைச் சரியாகச் சொல்லும் லேபிள், ஒவ்வொரு தடவையும் ஒரே வீரியம். இந்த இரண்டும்தான் அவர் வைத்த மூலதனம் என்பேன். கசப்புத் தெரியாமல் விழுங்க மாத்திரைகளுக்கு ஜெலட்டின் பூச்சும் கொடுத்தார். மருந்துகளை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்றும் வாதிட்டார். ஆனால் அமெரிக்காவில் அதற்கான சட்டம் வந்தது 1906-இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

சரி, ஊருக்கு என்ன செய்தார்? 1890 வாக்கில் அன்றாட நிர்வாகத்தை மகனிடம் விட்டுவிட்டு நகரத்து வேலைகளில் இறங்கினார். அந்த ஆண்டு அங்கே கமர்ஷியல் கிளப் என்று வியாபாரிகள் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் அவர்தான். நல்ல ரோடு, கழிவுநீர்க் குழாய், தெருவை மறித்துக் கிடந்த ரயில் பாதைகளை உயர்த்துவது என்று அந்த கிளப் நகரத்தை விடாமல் நச்சரித்தது. 1893-இல் பொருளாதாரம் சரிந்து வேலை போனவர்களுக்கு உதவும் நிவாரணப் பணியையும் அதுவே முன்னின்று நடத்தியது. ராணுவ அனுபவம் உதவியது என்றால் இங்கேதான் உதவியிருக்க வேண்டும். ஆளைத் திரட்டி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, கடைசிவரை நின்று முடிக்கிற பழக்கம் பீரங்கிப் பிரிவைத் தானே கட்டியவருக்கு இல்லாமலா போகும்?

அவர் கொடையில் என் மனதைத் தொட்டது ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டாவது திருமணத்தில் பிறந்த மகள் எலினர் 1884-இல் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயில் இறந்தாள். வயது பதின்மூன்றுதான். பெரிய மருந்துக் கம்பெனிக்காரரின் மகள், ஆனால் அன்று யாரிடமும் அதற்கு மருந்து இல்லை. நஞ்சுமுறிவு ஊசி புழக்கத்துக்கு வரவே இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. 1895-இல் அவள் பெயரால் அந்நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உருவாகப் பணம் கொடுத்தார்.

1898 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். மகன் காலத்தில், 1923-இல், அந்தக் கம்பெனி இன்சுலினைப் பெருமளவில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் அமெரிக்காவில் அதே இன்சுலினின் விலைக்காகக் கடும் விமர்சனத்துக்கும் ஆளானது. அந்த விமர்சனம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1937-இல் மகனும் பேரன்களும் சேர்ந்து லில்லி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் அதுவும் ஒன்று. இண்டியானா மாநிலத்துக்கு இன்றும் நிறையச் செலவிடுகிறது.