கியர் பாக்ஸ் போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார், சாதாரண கியர் வண்டிதான். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸ் மாற்ற வேண்டும், 85,000 ரூபாய் என்கிறார்கள். வண்டியை விற்றுவிடலாமா சார்?
— வாசகர், பாலக்கோடு

பதில்: விற்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கிளட்ச் ஸ்லிப், கியர் பாக்ஸ் அல்ல. கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனால் இன்ஜின் சுற்றுகிற சுற்று சக்கரத்துக்கு முழுதாகப் போகாது, அது சமதளத்தில் தெரியாது, ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும், கூடவே கருகின வாடையும் வரும். சந்தேகமாக இருந்தால் முன்னால் ஆளில்லாத சமமான இடத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் குற்றவாளி கிளட்ச்தான். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து மிச்சமிருக்கிற பிளேட்டையும் எரித்துவிடாதீர்கள்.

கியர் பாக்ஸுக்குள் கோளாறு என்றால் அடையாளமே வேறு. போட்ட கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும், அல்லது ஒரு குறிப்பிட்ட கியர் விழும்போது மட்டும் கரகரவென்று அரைக்கும். நியூட்ரலில் வருகிற ஊளைச் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் உள்ளே பேரிங் போயிருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், அது கிளட்ச் கணக்கில் வரும்.

கிளட்ச் வேலைக்கும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அதனால் லேபர் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இறக்கிப் பார்க்காமலே முழு கியர் பாக்ஸுக்கு விலை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்ட்ஸ் தனி, லேபர் தனி, வரி தனி என்று எழுதிக் கேளுங்கள், தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். இறக்கியதும் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், ஒன்றை மிச்சம் பிடித்தால் மறுபடி இறக்குகிற கூலி தண்டம். கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுற்றுகிற இன்ஜின் பக்கத்துச் சக்கரமான பிளைவீலையும் பார்க்கச் சொல்லுங்கள், சில டீசல் வண்டிகளில் அதுவே பெரிய செலவு. கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்யாத வேலைக்குப் பில் போட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் தராது, அங்கே அலைய வேண்டாம்.

கேள்வி: ஏஎம்டி கார், டிராஃபிக்கில் உதறுகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் செலவு லட்சத்தில் போகுமா?
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஏஎம்டி உள்ளுக்குள் சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் மட்டும் கருவி செய்கிறது. முதலில் கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டு, கிளட்ச் தேய்மானத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் செட்டிங்கைத் திரும்பப் பதியச் சொல்லுங்கள். மேட்டில் வண்டியை ஆக்சிலேட்டரிலேயே நிறுத்தி வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரேக்கை மிதியுங்கள்.