மாவு கொட்டும் பழைய ஜன்னல் கதவில் கண்ணாடி பதிப்பது எப்படி?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் எங்க அப்புச்சி கட்டின ஓட்டு வீட்டை இடிச்சப்ப ஒரு ஜன்னல் கதவை மட்டும் எடுத்து வெச்சேனுங்க. மூணரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம். நடுப்பலகையைக் கழட்டிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி பதிச்சு ஹால்ல மாட்டணும்னு ஆசை. பச்சைப் பெயிண்ட் செதில் செதிலா உரியுது, ஒரு ஓரத்துல மாவு கொட்டுது. புது வீடு ஹாலோ பிளாக் சுவர். மூணு வயசுல பேத்தி இருக்கா. சென்னிமலை தறிக்கூடத்துல கொடுத்த பழைய நாடா (ஊடை நூலை அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டுற மரக்கட்டை) ரெண்டும் இருக்குதுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: மாவிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடிக் கடைக்குப் போவது கிட்டத்தட்டக் கடைசி வேலை.

மண் ஒட்டிக்கொண்டு உள்ளே குடைந்திருந்தால் அது கரையான். முகப்பவுடர் போல மெல்லிய மாவும், குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் உளு வண்டு. உங்களுடையது இரண்டாவது போலத் தெரிகிறது. கதவைத் தட்டி உதறிவிட்டு, கறுப்புத் தாள் மேல் ஒரு மாதம் வையுங்கள். மறுபடி மாவு விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அதுவரை மற்ற மரச்சாமான் பக்கத்தில் வைக்க வேண்டாம். தேக்கின் வைரத்தை, அதாவது இறுகிய நடுமரத்தை, இந்த வண்டு பெரும்பாலும் தொடாது. ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பகுதியைத்தான் தின்னும். அந்த ஓரத்தில் திருப்புளியை வைத்து அழுத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டத்தை ஆசாரியிடம் கொடுத்து மாற்றிவிடுவதே நல்லது. மருந்து புழுவைக் கொல்லும், போன பலத்தைத் திருப்பித் தராது.

அடுத்தது பெயிண்ட். பேத்தி இருக்கும் வீடு என்பதால் இதில் கொஞ்சம்கூட அசட்டை கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயிண்ட் எதையும் ஈயம் உள்ளது என்றே நினைத்து வேலை செய்யுங்கள். உதிரும் செதிலும் தேய்த்த தூசியும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உரிந்தது உரிந்தபடி விட்டால் பழமை அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது ஆகாது, முழுதாக எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, ஜெல் வடிவ பெயிண்ட் ரிமூவரைத் தடவி, ஊறியதும் சுரண்டுங்கள். மிச்சத்தை 120-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டே தேயுங்கள். காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்ப்பதும், தீ காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. பழைய மரக்கடைகளில் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கித் தருகிறேன் என்பார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் மரம் கறுத்து, மூலைப் பொருத்துகள் விட்டுப்போகும். சுரண்டிய செதிலையும் பெயிண்ட் ஒட்டிய துண்டு மரத்தையும் வெந்நீர் அடுப்பில் போடாதீர்கள். ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். வேலை செய்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இப்போது நடுப்பலகை. அது நாலு பக்கச் சட்டத்தின் காடிக்குள் (நீளவாக்கில் வெட்டிய பள்ளத்துக்குள்) உட்கார்ந்திருக்கும், இழுத்தால் வராது. கதவைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கக் காடி உதட்டை மட்டும் உளியால் செதுக்கி எடுங்கள். பலகை தானாக வந்துவிடும், முன்பக்க உதடு கண்ணாடியைத் தாங்கும் படியாக நிற்கும். பலகையை வீச வேண்டாம், அதிலும் பெயிண்டை எடுத்துவிட்டால் பின்னால் வேலை இருக்கிறது.

மரம் வெறுமையாகக் கிடக்கும் இந்த நேரம்தான் மருந்துக்கு ஏற்றது. பெயிண்ட், பாலீஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் பவுடர் கரைத்து, ஒவ்வொரு பூச்சும் உறிஞ்சியபின் அடுத்தது என மூன்று முறை பூசுங்கள். செதுக்கிய இடத்துக்கும், சட்டங்களின் வெட்டு முனைகளுக்கும் கூடுதலாக. கரைசல் குழந்தைக்கு எட்டக் கூடாது. நிழலில் ஒரு வாரம் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மூலை ஆடினால் ஆணி அடிக்கத் தோன்றும். அடித்தால் பழைய சட்டம் பிளந்துகொள்ளும். பொருத்தைக் கொஞ்சம் விரித்து அழுக்கைச் சுரண்டி, ஃபெவிகால் விட்டு, சுற்றிலும் கயிறு கட்டிக் குச்சியால் முறுக்கி ஒரு இரவு விடுங்கள். முறுக்கிய உடனே டேப்பால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் சட்டம் கோணல். பசை காயும் முன் தள்ளிச் சரிசெய்ய வேண்டும்.

பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. இவை காய்ந்து இறுகும் எண்ணெய்கள் அல்ல. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அதுவாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுங்கள்.

கண்ணாடி 4 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். காடியின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுருங்கும். இடுக்கி வைத்த கண்ணாடி விரிசல் விடும். சிலிக்கான் பசை வாங்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசம் அடிக்கும் வகை கண்ணாடியின் பின்பூச்சை அரித்து ஓரத்தில் கரும்புள்ளி விழச் செய்யும். அங்கங்கே பொட்டு வைத்தால் போதும். பின்னால் பழைய பலகையையோ மெல்லிய பிளைவுட்டையோ வைத்து, சட்டத்தோடு சின்ன ஸ்க்ரூ போடுங்கள்.

சுவர்தான் பலர் கோட்டைவிடும் இடம். இந்தக் கனக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. உங்கள் அளவுக்குச் சுமார் 3 கிலோ வரும். சட்டத்தோடு 8, 9 கிலோ ஆகலாம். எடை மெஷினில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். உள்ளே பொந்து உள்ள ஹாலோ பிளாக்கின் முகப்பு அங்குலம், ஒன்றேகால் அங்குலக் கனம்தான் இருக்கும். டிரில் மெஷினில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) போட்டுத் துளைத்தால் உள்பக்கம் பொக்கென்று உடைந்து, சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிமானம் இல்லாமல் நிற்கும். ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்து, உள்ளே போய் இறக்கை விரிக்கும் பட்டர்ஃபிளை போல்ட் இரண்டு போடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி, கதவைத் தரையிலேயே நிறுத்தி எடையைத் தரைக்குக் கொடுத்துவிட்டு, மேலே இரண்டு இடத்தில் சுவரோடு பிடித்துவிடுவது. பேத்தி பிடித்து இழுத்தாலும் சாயாது, அவளுக்கும் முகம் தெரியும்.

நாடா இரண்டையும் கண்ணாடி அருகே சாவி மாட்டும் கொக்கிகளுக்குத் தாங்கலாக்கலாம். தறி எண்ணெய் ஊறியிருக்கும், தின்னரால் துடைத்துவிட்டு வேலை செய்யுங்கள். நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும் குழிப்பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் அது நாடா என்று பார்ப்பவருக்குப் புரியும். இரண்டு முனையிலும் கூரான இரும்பு இருப்பதால் ஐந்தடிக்குக் கீழே மட்டும் மாட்ட வேண்டாம்.