ஆபீஸ் இங்கிலீஷ்: எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு, இங்கிலீஷ்ல மெயில் எழுதணும்னாலே கை நடுங்குது. கிராமர் புக்கை முதல்லேருந்து படிக்கவா, இல்ல பெரிய பெரிய வார்த்தையா மனப்பாடம் பண்ணவா?

பதில்: ரெண்டும் இப்போ வேணாங்க. உங்க ஆபீஸ்ல நல்லா எழுதுறவங்க மெயிலை எடுத்து வச்சுக்கிட்டு அதுல திரும்பத் திரும்ப வர்ற வாக்கியத்தை முழுசா அப்படியே பழகுங்க, தனி வார்த்தையா படிச்சா எழுதும்போது ஞாபகத்துக்கே வராது. நம்ம தப்புல பாதி தமிழ்ல யோசிக்கிறதால வர்றதுதான். 'அதைப் பத்திப் பேசலாம்'ங்கிற நினைப்புல 'டிஸ்கஸ் அபௌட்'னு எழுதிடுவோம், ஆனா டிஸ்கஸுக்கு அபௌட் தேவையே இல்ல. 'யெஸ்டர்டே'ன்னு போட்டா 'ஐ ஹேவ் சென்ட்' வராது, நேத்துங்கிறது முடிஞ்சுபோன நேரம், அதனால 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே'. 'வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புறேன்'னா 'பை ஃப்ரைடே', 'வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு'ன்னா 'டில் ஃப்ரைடே', இதை மாத்திப் போட்டா டெட்லைனே குழம்பிடும். பதில் அனுப்பச் சொல்றதுக்கு 'ரிவர்ட் பேக்'கும் வேணாம், 'ரிப்ளை' போதும் (எனக்கே இந்தப் பழக்கத்தை விட ரொம்ப நாளாச்சு!). பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல சின்னச் சின்ன வாக்கியமா எழுதி, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.